கடைசி பெஞ்சுக்கும் தெரியணும்!



பேரவை நிதியில் "படம் காட்டுற மெஷின்" ஒன்று வாங்கலாம் என்ற பேச்சு எழுந்த நாளில் இருந்து கேன்டீனில் ஆளுக்கொரு கட்சி. புத்தகத்தை அப்படியே உள்ளே வைத்தால் சுவரில் பெரிதாகக் காட்டுகிற ஓபேக் ப்ரொஜெக்டர்தான் வேண்டும் என்பது ஒரு கட்சி. "இது என்ன காலம்? 75 அங்குல டச் பேனல் வாங்குங்கப்பா" என்பது இரண்டாவது கட்சி. "எல்லார் கையிலயும் போன் இருக்கு, போட்டோ எடுத்து குரூப்ல போட்டா முடிஞ்சது, எதுக்கு வெட்டிச் செலவு?" என்பது மூன்றாவது கட்சி.

நான் நாலாவது கட்சி. டாக்குமெண்ட் கேமரா (விசுவலைசர் என்றும் சொல்கிறார்கள்) ஒன்று, அதோடு வெளிச்சத்தில் பொய் சொல்லாத ப்ரொஜெக்டர் ஒன்று. இந்த ஜோடிதான் நமக்குச் சரி. "உனக்கு அதுல என்னடா கமிஷன்?" என்று கேட்பதற்கு முன், என் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். நாம் படிப்பது இன்ஜினியரிங். கேட்லாக்கைப் பார்த்து மயங்குவது நமக்கு அழகல்ல. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்ப்பதுதான் அழகு.

எதைக் காட்டப் போகிறோம்?

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். நம் படிப்பில் பாதி, படம். மெஷின் டிராயிங், சர்க்யூட், கட்டிடத்தின் வெட்டுத் தோற்றம், கிராஃப். லைப்ரரியில் நல்ல புத்தகம் என்றால் ஒரே காப்பிதான் இருக்கும். அதில் உள்ள படத்தைப் போர்டில் வரைய ஆசிரியருக்கு இருபது நிமிடம் ஆகிறது. நாம் காப்பி பண்ணி முடிப்பதற்குள் பெல் அடித்து விடுகிறது. பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்து வந்த நம்மில் பலருக்கு இங்கிலீஷ் பாராவை விட அதன் பக்கத்தில் இருக்கும் படம்தான் முதலில் புரிகிறது. அந்தப் படமும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிறகு என்ன மிச்சம்?

இன்னொன்று. நாம் கையால் வரைந்த ஷீட், வொர்க்‌ஷாப்பில் உடைந்த டூல், தேய்ந்த பேரிங், கருகிப்போன சர்க்யூட் போர்டு, இவை எதுவும் பவர்பாயிண்டில் கிடையாது. ஆகவே நமக்கு வேண்டியது ஸ்லைடு காட்டும் கருவி மட்டுமல்ல. காகிதத்தையும் பொருளையும் உள்ளது உள்ளபடியே காட்டும் கருவி.

எபிடயஸ்கோப் என்னும் பெரியவர்

முதல் கட்சிக்காரர்கள் கேட்பது உண்மையில் புதுசு அல்ல. பழைய கல்லூரிகளின் லேப் அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கும் எபிடயஸ்கோப்தான் அது. ‘எபி’ என்றால் மேலே, ‘டயா’ என்றால் ஊடே. காகிதத்தின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் காட்டும், கண்ணாடி ஸ்லைடின் ஊடே வரும் வெளிச்சத்தையும் காட்டும். அதனால் அந்தப் பெயர். ஜெர்மனியின் ஸைஸ், லைட்ஸ் போன்ற புகழ்பெற்ற கம்பெனிகள் செய்த கருவி. உள்ளே பெரிய பல்பு, ஒரு கண்ணாடி, ஒரு பெரிய லென்ஸ். அந்தக் கண்ணாடி மட்டும் இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரியும்.

கருவி நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் வெளிச்சக் கணக்கில் அது தோற்றுப் போகிறது. எப்படி என்று பாருங்கள்.

1000 வாட் பல்பு என்று வைத்துக்கொள்வோம். வாட்டுக்கு 25 லூமென் என்றால் மொத்தம் 25,000 லூமென். அதில் பாதி பக்கத்தின் மேல் விழுகிறது என்று தாராளமாகவே வைப்போம் - 12,500. வெள்ளைக் காகிதம் நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பி அனுப்பும் - 10,000. பரவாயில்லையே என்று தோன்றுகிறதா? இங்கேதான் வில்லங்கம். காகிதம் கண்ணாடி மாதிரி ஒரே திசையில் திருப்புவது இல்லை. நாலா பக்கமும் சிதற அடிக்கிறது. அதில் லென்ஸ் பிடிக்கும் பங்கு, லென்ஸின் எஃப் எண்ணை வர்க்கமாக்கி நாலால் பெருக்கி, அதைக் கொண்டு ஒன்றை வகுத்தால் வரும் விடை. எஃப் 3.5 லென்ஸ் என்றால் 49-ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 2 சதவீதம். 10,000-ல் 200 லூமென்தான் லென்ஸுக்குள் போகிறது. லென்ஸும் கண்ணாடியும் கால் பங்கை விழுங்கினால் மிச்சம் 150.

இதை 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் உள்ள திரையில் - 3 சதுர மீட்டரில் - பரப்பினால் 50 லக்ஸ். படிக்கும் வகுப்பறைக்குச் சொல்லப்படும் வெளிச்சமே சுமார் 300 லக்ஸ். 1000 வாட் எரித்து, அறையைச் சூடாக்கி, கடைசியில் கிடைப்பது 50 லக்ஸ்! ஜன்னலை எல்லாம் அடைத்து அறையைச் சினிமா தியேட்டர் ஆக்கினால்தான் அது தெரியும். இருட்டில் நோட்ஸ் எடுப்பது எப்படி? பின்வரிசை மக்கள் தூங்குவதைத் தடுப்பது எப்படி? போதாததற்குப் பழைய பைண்டிங் புத்தகத்தை விரித்துக் கண்ணாடியில் அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். பல்பின் சூட்டில் காகிதமும் வாடும்.

இப்போது ஓவியர்களுக்கென்று விற்கும் சின்ன ஓபேக் ப்ரொஜெக்டர்களும் இதே தத்துவம்தான். சுவரில் படம் வரைகிறவர் இருட்டறையில் கோட்டின் மேல் கோடு இழுக்க அது உதவும். முன்பு கட்-அவுட் ஓவியர்கள் கட்டம் போட்டுப் பெரிதாக்கிய வேலையை அது சுலபமாக்கும். அறுபது பேர் உள்ள வகுப்புக்கு அது ஆகாது.

இடையில் வந்த ஓ.எச்.பி.

ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரை நம் சீனியர்கள் நன்றாக அறிவார்கள். அதன் வெளிச்சம் ஏன் பளிச்சென்று இருந்தது? காரணம், அங்கே வெளிச்சம் சிதறுவது இல்லை. மேடைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஃப்ரெனெல் லென்ஸ், பல்பின் வெளிச்சத்தைக் குவித்து நேராக மேல் லென்ஸுக்குள் அனுப்புகிறது. அதனால் 250 வாட் பல்பே போதும்; லைட்டை அணைக்கத் தேவையில்லை. ஆனால் அதற்குக் காகிதம் உதவாது. ஒவ்வொரு படத்தையும் டிரான்ஸ்பரன்சி ஷீட்டில் எழுத வேண்டும், அல்லது ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். அதற்கும் சூடு தாங்கும் ஷீட் வேண்டும். சாதா ஷீட்டைப் போட்டால் ஜெராக்ஸ் மெஷினுக்குள் உருகி ஒட்டிக்கொள்ளும். உடைந்த பேரிங்கை வைத்தாலோ வெறும் கறுப்பு நிழல்!

டாக்குமெண்ட் கேமரா என்ன செய்கிறது?

1988-ல் ஜெர்மனியில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் ஜப்பானின் எல்மோவும் ஆஸ்திரியாவின் வுல்ஃப்விஷனும் இந்த வகைக் கருவியை அறிமுகம் செய்தன. யோசனை ரொம்ப எளிமை. காகிதத்தில் இருந்து வரும் சொற்ப வெளிச்சத்தையே திரைக்கு அனுப்பினால்தானே பிரச்சினை? அதை ஒரு கேமரா பார்க்கட்டும். கேமராவுக்கு அந்தச் சொற்ப வெளிச்சமே தாராளம். திரைக்குப் போக வேண்டிய வெளிச்சத்தை ப்ரொஜெக்டர் தன் கைக்காசில் போட்டுக்கொள்ளட்டும். பார்க்கிற வேலை ஒருத்தருக்கு, வெளிச்சம் போடுகிற வேலை இன்னொருத்தருக்கு. அவ்வளவுதான் சூட்சுமம்.

கணக்கைப் பாருங்கள். 3000 லூமென் ப்ரொஜெக்டர், அதே 3 சதுர மீட்டர் திரை. 1000 லக்ஸ்! எபிடயஸ்கோப்பை விட 20 மடங்கு. போர்டுக்கு மேல் உள்ள முன்வரிசை ட்யூப்லைட்டை மட்டும் அணைத்துவிட்டால் திரையில் அறை வெளிச்சம் 70 லக்ஸ் என்று வையுங்கள். வெள்ளை இடத்தில் 1070, கறுப்புக் கோட்டில் 70. வித்தியாசம் 15 மடங்கு. கோடு கணீரென்று தெரியும். அதே அறையில் எபிடயஸ்கோப் என்றால் வெள்ளையில் 120, கறுப்பில் 70. இரண்டு மடங்கு கூட இல்லை. சாம்பல் மேல் சாம்பல்.

ஆக, மெஷினுக்குச் செலவு செய்வதற்கு முன் ஒரு செலவு இருக்கிறது. முன்வரிசை ட்யூப்லைட்டுக்குத் தனி ஸ்விட்ச். எல்லா லைட்டையும் ஒரே ஸ்விட்ச்சில் போட்டிருக்கும் அறையில் எந்த ப்ரொஜெக்டரும் பாதி பலம்தான். துறைத் தலைவர் அனுமதி தந்தால் எலக்ட்ரிக்கல் துறைக்கு இது ஒரு பிற்பகல் வேலை.

9000 லூமென் என்னும் புருடா

ஆன்லைனில் மலிவு விலையில் "9000 லூமென்" என்று ஒரு ப்ரொஜெக்டர் கண்ணைச் சிமிட்டும். ஏமாறாதீர்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை வாட் என்று பாருங்கள். 60 வாட் என்று இருந்தால், நல்ல எல்.இ.டி. வாட்டுக்கு 150 லூமென் தந்தாலும் உள்ளே பிறப்பதே 9000-தான். அது ஒற்றை எல்.சி.டி. தகடு வழியாக வெளியே வர வேண்டும். போலரைசர் பாதியைத் தின்னும். கலர் ஃபில்டர் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் விடும். அத்தோடு 1500. பிறகு தகட்டின் கட்டங்களுக்கு இடையே உள்ள மறைப்பு, லென்ஸ் என்று ஆளாளுக்குக் கப்பம் வாங்கினால் சுவரை அடைவது சில நூறு லூமென்தான். எனவே கொட்டேஷனில் "ஆன்சி லூமென்" அல்லது "ஐ.எஸ்.ஓ. லூமென்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடைக்கு ஒரு கும்பிடு.

பல்பு வகை ப்ரொஜெக்டரில் இன்னொரு சங்கதி. பல்பின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அந்த ஆயுள் முடிகிறபோது வெளிச்சம் பாதியாகிவிடும் என்பதுதான் அதன் அர்த்தம். பிறகு புது பல்பு வாங்கப் பேரவையில் யார் காசு வைத்திருப்பார்கள்? லேசர், எல்.இ.டி. வகைகளுக்கு 20,000 மணி என்று கம்பெனிகள் சொல்கின்றன. முதல் விலை கூடுதலானாலும் நம்மைப் போன்ற இடத்துக்கு அதுவே மேல்.

கடைசி பெஞ்சில் இருந்து ஒரு அளவு

இனி முக்கியமான விஷயம். படம் முதல் பெஞ்சுக்குத் தெரிவது பெரிய சாதனை அல்ல. 9 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் கடைசி பெஞ்சுக்குத் தெரிகிறதா?

நல்ல கண் (டாக்டர் ‘6/6’ என்று எழுதும் கண்) 9 மீட்டரில் ஒரு எழுத்தை அடையாளம் காண அது 13 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும். சிரமம் இல்லாமல் படிக்க அதைப் போல இரண்டு மடங்கு, 26 மி.மீ. வேண்டும் என்று வைப்போம். ஏ4 பக்கத்தைப் படுக்கையாக வைத்து 2 மீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கினால் 6.7 மடங்கு. புத்தகத்தின் 2 மி.மீ. எழுத்து 13.5 மி.மீ. ஆகிறது. அதாவது கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். நீளம் அகலம் இரண்டையும் பாதியாக்கி, பக்கத்தில் கால் பாகத்தை மட்டும் காட்டினால் 27 மி.மீ. இப்போது நிம்மதியாகப் படிக்கலாம்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? ஜூம் இல்லாத டாக்குமெண்ட் கேமரா வேஸ்ட். "முழுப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் காட்டுகிறேன்" என்பது கடைசி பெஞ்சுக்குச் செய்கிற துரோகம். முதலில் முழுப் பக்கம், பிறகு பாகம் பாகமாக - இதுதான் முறை.

அடுத்து கோடு. ஏ3 ஷீட்டில் 0.35 மி.மீ. கோடு இழுத்திருக்கிறோம். 1920-க்கு 1080 கேமரா அந்த ஷீட்டைப் பார்த்தால் ஒரு மி.மீட்டருக்கு 3.6 புள்ளி, கோட்டுக்கு ஒன்றேகால் புள்ளி கிடைக்கிறது. தப்பித்தது. ஆனால் ப்ரொஜெக்டர் 1024-க்கு 768 என்றால் மி.மீட்டருக்கு 2.4 புள்ளிதான். கோட்டுக்கு ஒரு புள்ளி கூடத் தேறாது. கோடு விட்டு விட்டுத் தெரியும், அல்லது மங்கிப் போகும். கேமராவை 4கே-யில் வாங்கிப் பழைய ப்ரொஜெக்டரில் மாட்டுவது, பெரிய டேங்கில் இருந்து அரை அங்குல பைப்பில் தண்ணீர் எடுப்பது போல. இரண்டையும் ஒரே கணக்கில் பார்த்து வாங்க வேண்டும்.

மற்ற இரு கட்சிக்கும் பதில்

டச் பேனல் கட்சியே! 75 அங்குலம் என்பது குறுக்கு மூலை அளவு. உயரம் 93 செ.மீ.தான். படிக்கிற விஷயம் என்றால் பட உயரத்தைப் போல 6 மடங்கு தூரம் வரைதான் உட்காரலாம் என்று துறையில் ஒரு கைக்கணக்கு உண்டு. 93-ஐ 6-ஆல் பெருக்கினால் 5.6 மீட்டர். அதற்குப் பின்னால் இருக்கும் மூன்று, நாலு வரிசையை என்ன செய்வதாக உத்தேசம்? 1.5 மீட்டர் உயரத் திரை என்றால் அதே கணக்கில் 9 மீட்டர், அதாவது கடைசி பெஞ்ச் வரை. சின்ன அறைக்குப் பேனல் அருமை. நம் நீள அறைக்கு அல்ல.

போன் கட்சியே! நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. படத்தை வீட்டுக்கு எடுத்துப் போகப் போன்தான் சிறந்தது. ஆனால் வகுப்பில் அறுபது பேரும் அறுபது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், "இந்த வால்வைப் பார், இது எப்போது திறக்கிறது?" என்று விரல் வைத்துக் காட்டுவது யாருக்கு? எல்லோர் கண்ணும் ஒரே புள்ளியில் விழுவதில்தான் பாடமே இருக்கிறது. போன் இல்லாதவன், ஸ்க்ரீன் உடைந்தவன், டேட்டா தீர்ந்தவன் கதை வேறு.

ஆனாலும் போனை வைத்தே ஒரு யோசனை சொல்கிறேன். காசு கொடுப்பதற்கு முன் ஒரு செமஸ்டர் சோதித்துப் பார்க்கலாம். நம் வெல்டிங் ஷாப்பிலேயே சதுரப் பைப்பில் ஒரு ஸ்டாண்டு செய்வோம். மேலே கீழே நகரும் ஒரு கை, அதில் போனைக் கவிழ்த்துப் பிடிக்க ஒரு க்ளாம்ப், அரை மீட்டர் உயரம், ஆடாமல் இருக்கக் கனமான அடித்தட்டு. இருபுறமும் சாய்வாக இரண்டு எல்.இ.டி. லைட். இருக்கிற ப்ரொஜெக்டரில் மாட்டிக் காட்டுவோம். எந்தத் துறை எத்தனை தரம் கேட்டு வாங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். அந்த நோட்டுதான் பேரவைக் கூட்டத்தில் நமக்குச் சாட்சி.

கடையில் செய்ய வேண்டிய பரீட்சை

வாங்குவது என்று முடிவானால், கடைக்காரர் காட்டும் கலர் பூப் படத்தைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். நம் சரக்கை எடுத்துப் போங்கள். ஒரு லைப்ரரி புத்தகம், ஒரு பென்சில் டிராயிங், ஒரு பளபளப்பான போட்டோ, ஒரு சர்க்யூட் போர்டு.

1. புத்தகத்தின் மேல் விரலை வைத்துக் காட்டுங்கள். விரல் வந்ததும் ஃபோகஸ் அலைபாய்கிறதா? ஃபோகஸைப் பூட்டி வைக்க பட்டன் இருக்கிறதா?

2. பளபளப்பான போட்டோவில் லைட் பிரதிபலித்து வெள்ளைத் திட்டு விழுகிறதா? லைட்டைப் பக்கவாட்டில் திருப்ப முடிகிறதா?

3. திரையில் பட்டை பட்டையாக ஓடுகிறதா? நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கேமராவில் 60-ல் இருந்து 50-க்கு மாற்றும் வசதி கட்டாயம் வேண்டும்.

4. படத்தைத் தலைகீழாகத் திருப்பும் பட்டன் உண்டா? ஆசிரியர் வகுப்பைப் பார்த்து நின்றபடி காட்ட அது வேண்டும்.

5. எச்.டி.எம்.ஐ. வழியாகக் கம்ப்யூட்டர் இல்லாமலே நேராக ப்ரொஜெக்டரில் ஓடுகிறதா? யு.எஸ்.பி. மட்டும் என்றால் ஒவ்வொரு தரமும் ஒரு லேப்டாப்பைத் தேடி அலைய வேண்டும்.

6. ஆப்டிகல் ஜூமா, டிஜிட்டல் ஜூமா? டிஜிட்டல் என்றால் சென்சாரில் புள்ளிகள் எத்தனை? இருக்கிற புள்ளியைத்தான் அது இழுத்துப் பெரிதாக்கும். புதிதாக எதையும் கொண்டு வராது.

மூன்று கடையில் கொட்டேஷன் வாங்குங்கள். விலையோடு சர்வீஸ் எங்கே, எத்தனை நாளில் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

பீரோவுக்குள் போகாமல் இருக்க

கடைசியாக ஒன்று. எபிடயஸ்கோப் தோற்றது வெளிச்சத்தால். பல ஓ.எச்.பி.க்கள் தோற்றது சாவியால். கருவி பீரோவில், சாவி ஒருவரிடம், அவர் லீவில். புதுக் கருவிக்கும் இதே கதி வரக்கூடாது. துறைக்கு இரண்டு மாணவர்கள் என்று பழக்கி வைப்போம். அதில் ஒருவர் ஜூனியராக இருக்கட்டும். நாம் போன பிறகும் கை பழக்கம் கல்லூரியில் இருக்கும். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும், திரும்பி வைக்கட்டும்.

பேரவை நிதி வானத்தில் இருந்து கொட்டியது அல்ல. ஃபீஸோடு சேர்த்து நம் அப்பா அம்மா கட்டிய காசு. அதில் வாங்கும் பொருள் விழா மேடையில் ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்துக்கொள்வதற்காக இருக்கக்கூடாது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள். கேட்லாக்கைத் திறப்பதற்கு முன், திரை மாட்டும் சுவரில் இருந்து கடைசி பெஞ்ச் வரை அளந்து அந்த எண்ணைப் போர்டில் எழுதுவோம். எந்தக் கருவி வந்தாலும் சரி, அந்த எண்ணுக்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே வரட்டும்!